மாடில்லாத மேய்ச்சல் நிலம்

1957 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் மேற்கு டெக்சாஸில் உள்ள சான் ஆஞ்செலோ நகருக்கு வந்தார். அவரே டெக்சாஸில் பிறந்தவர்தான், வடகோடியில் டெனிசன் என்ற ஊரில். ஆனால் இந்த முறை வந்தது வறட்சியைப் பார்க்க. அந்தப் பகுதியில் ஏழு வருடமாக மழை பொய்த்துக்கொண்டிருந்தது. 1956 முடியும்போது மாநிலத்தின் 254 கவுன்ட்டிகளில் 244 வறட்சிப் பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஒரு தேசத்தின் அதிபர் விமானத்தில் வந்து இறங்கி, புல் இல்லாத தரையை நடந்து பார்த்துவிட்டுப் போனார். சில வாரங்களில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வசந்த காலத்தில் ஆறுகள் கரை புரண்டன. அதிபரின் ராசி என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

நான் ஆஸ்டினில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மாடு வளர்த்ததில்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் இருபுறமும், கட்டி முடித்த குடியிருப்புக்கும் கட்டப்போகும் குடியிருப்புக்கும் நடுவே, ஏக்கர் பல ஆயிரம் டாலர் பெறுமானமுள்ள நிலத்தில், நாலைந்து மாடுகள் நிற்கும். யாருடையவை, எதற்கு நிற்கின்றன? அலுவலகத்தில் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ஆக் எக்ஸெம்ப்ஷன்." விவசாய வரிச் சலுகை. மாடு நின்றால் வரி குறைவு.

அப்படியானால் வறட்சி வந்தால் என்ன ஆகும்? புல்லைக் காப்பாற்ற மாட்டை வெளியேற்ற வேண்டும். வரியைக் காப்பாற்ற மாட்டை நிறுத்தி வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் டெக்சாஸ் எப்படி மாட்டிக்கொண்டது, அதிலிருந்து எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புல்லின் கணக்கு

முதலில் புல்லின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மேய்ச்சல் நில அறிவியலில் 'விலங்கு அலகு' என்றொரு அளவை உண்டு. ஆயிரம் பவுண்டு எடையுள்ள ஒரு பசுவும் அதன் பால்குடிக் கன்றும் சேர்ந்து ஓர் அலகு. ஐந்து செம்மறியோ ஆறு வெள்ளாடோ ஏறக்குறைய ஓர் அலகு. ஓர் அலகுக்கு ஒரு நாளைக்கு 26 பவுண்டு காய்ந்த தீவனம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வருடத்துக்கு 9,490 பவுண்டு.

ஒரு ஏக்கர் நல்ல வருடத்தில் 2,000 பவுண்டு புல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத் தொடவே கூடாது, அது புல்லுக்குச் சொந்தம். மீதிப் பாதியிலும் மிதிபட்டு, பூச்சி தின்று, சாணி விழுந்து வீணாவது போக மாட்டின் வாய்க்குள் போவது மொத்தத்தில் கால் பங்கு: 500 பவுண்டு. ஆக ஒரு பசுவுக்கு 19 ஏக்கர். அடுத்த வருடம் மழை இல்லை. அதே ஏக்கர் 800 பவுண்டு தருகிறது. இப்போது ஒரு பசுவுக்கு 47 ஏக்கர் வேண்டும். நிலம் அதேதான், வேலி அதேதான், மாட்டின் பசியும் அதேதான். சென்ற வருடம் ஐந்து மாடு நின்ற இடத்தில் இந்த வருடம் இரண்டுதான் நிற்க முடியும்.

மூன்றை விற்காமல் ஐந்தையும் வைத்துக்கொண்டால்? மாடு அந்தப் 'பாதி'யையும் தின்னும். அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க்ளின் கிரைடர் என்பவர் 1955-ல், அதாவது அந்தப் பெரும் வறட்சிக்கு நடுவில், ஓர் ஆய்வை வெளியிட்டார். புல்லின் இலையை வெவ்வேறு அளவில் வெட்டி, வேர் என்ன ஆகிறது என்று பார்த்தார். பாதி வரை வெட்டினால் வேர் வளர்ச்சியில் பெரிய பாதிப்பில்லை. அதைத் தாண்டினால் வேர் தடுமாறுகிறது. 80 சதவீதத்தை வெட்டினால் வேர் வளர்வது பல நாட்களுக்கு அடியோடு நின்றுபோகிறது. வேர் குட்டையான புல்லுக்கு அடுத்த மழையின் ஈரம் எட்டாது. மண்ணில் ஈரம் இருக்கும், புல் செத்துக் கிடக்கும். அந்த இடத்தில் பிறகு ஜூனிபரும் மெஸ்கீட்டும் முளைக்கும். மெஸ்கீட் நமக்கு அந்நியம் இல்லை, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான்.

மேற்கு டெக்சாஸின் சொனோரா என்ற ஊரில் ஓர் அரசு ஆய்வுப் பண்ணை இருக்கிறது. லியோ மெரில் என்ற ஆய்வாளர் 1949-ல் அங்கே ஒரு சுழற்சி முறையைத் தொடங்கினார். நாலு பட்டி, மூன்று மந்தை. எப்போதும் ஒரு பட்டி காலியாக இருக்கும். ஒவ்வொரு பட்டியும் பன்னிரண்டு மாதம் மேய்க்கப்பட்டு நாலு மாதம் ஓய்வெடுக்கும். ஒவ்வொரு முறையும் ஓய்வு வேறு பருவத்தில் விழும். தொடங்கிய கையோடு ஐம்பதுகளின் வறட்சி வந்து முறையைச் சோதித்தது, முறை தாக்குப்பிடித்தது. இன்றும் மேய்ச்சல் பாடப்புத்தகங்களில் மெரிலின் பெயரால்தான் அது வழங்குகிறது. அதன் சாரம் இதுதான்: காலியாகக் கிடக்கும் பட்டியும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த வாக்கியத்தைப் புல் புரிந்துகொண்டது. வரிச் சட்டம் புரிந்துகொள்ளப் பல காலம் ஆனது.

வேலி வந்த கதை

வேலிக்கு முந்தைய டெக்சாஸில் வறட்சிக்கு ஒரே பதில்தான்: நட. புல்லும் தண்ணீரும் எங்கே இருக்கிறதோ அங்கே மந்தை போகும். 1870-களின் இறுதியில் முள்கம்பி வந்தது. 1883-ல் வறட்சியும் வந்தபோது, மந்தையை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடி வந்தவர்கள் முன்னால் கம்பிவேலி நின்றது. இரவில் கூட்டமாக வந்து வெட்டினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். கவர்னர் ஜான் அயர்லாந்து 1884 ஜனவரியில் சிறப்புச் சட்டமன்றக் கூட்டம் கூட்டினார். வேலி வெட்டுவது சிறைத்தண்டனைக் குற்றமானது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை வளைத்து வேலி போடுவதும் குற்றம்தான், ஆனால் அதற்குச் சின்னத் தண்டனை.

அதற்குப் பிறகு வறட்சி வேலிக்கு உள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினையானது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு மந்தை, ஒரு வரி ரசீது.

அரசு அப்போது என்ன செய்தது? 1887-ல் டெக்சாஸ் வறட்சிப் பகுதி விவசாயிகளுக்கு விதை வாங்கிக் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் ஒதுக்கியது. அதிபர் குரோவர் கிளீவ்லாந்து அதை வீட்டோ செய்தார். மக்கள் அரசைத் தாங்க வேண்டுமே தவிர அரசு மக்களைத் தாங்கக் கூடாது என்பது அவருடைய வாதம். பத்தாயிரம் டாலர்தான். கொள்கை என்று வந்துவிட்டால் தொகை சின்னதா பெரிதா என்று யார் பார்க்கிறார்கள்?

அந்தக் காலத்தில் நிலவரி இதில் பெரிய வில்லனாக இல்லை. டெக்சாஸின் 1876 அரசியல் சாசனம், எல்லாச் சொத்துக்கும் அதன் மதிப்புக்கு ஏற்ப ஒரே சீராக வரி விதிக்கச் சொன்னது. கேட்க நியாயமாக இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை மாடு மேய்ப்பவன் மட்டுமே வாங்கும் காலத்தில், நிலத்தின் விலை என்பது புல்லின் விலைதான்.

ஏழு வருடம்

1950-களில் இந்தச் சமன்பாடு உடைந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது.

ஒரு பக்கம் வறட்சி. ரான்ச்சர்கள் முதல் வருடம் தீவனம் வாங்கிப் போட்டார்கள், இரண்டாம் வருடம் கடன் வாங்கித் தீவனம் போட்டார்கள். பிறகு சப்பாத்திக்கள்ளியின் முட்களைப் பர்னரால் பொசுக்கி மாட்டுக்குக் கொடுத்தார்கள். சான் ஆஞ்செலோ நாளிதழில் விவசாயச் செய்தியாளராக இருந்த எல்மர் கெல்ட்டன் இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தார். 1973-ல் அவர் எழுதிய 'மழை பெய்யாத காலம்' என்ற பொருள்படும் தலைப்புள்ள நாவலில், சார்லி ஃபிளாக் என்ற முதிய ரான்ச்சர் அரசு உதவியைக் கடைசி வரை மறுக்கிறார். நிலமும் மந்தையும் ஆட்களும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகின்றன. உதவி வாங்கிய அண்டை வீட்டுக்காரர்களும் பிழைத்துவிடவில்லை. அந்த நாவல் டெக்சாஸில் வேதப் புத்தகம் மாதிரி. எனக்கு அதில் பட்டது வேறு: மாட்டை எப்போது விற்பது என்ற ஒரே கேள்வியை ஏழு வருடமும் ஒரு மனிதன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் விற்றவன் புல்லைக் காப்பாற்றினான். ஆனால் அவனை ஊர் கோழை என்றது.

இன்னொரு பக்கம் நகரம். 1950 மக்கள்தொகைக் கணக்கில் டெக்சாஸ் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கிராமப்புறத்தில் இருந்தார்கள். 1960-ல் அது கால் பங்கு. போனவர்கள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் வீடு தேடினார்கள். நகர ஓரத்து மேய்ச்சல் நிலத்தை இப்போது மாடு மேய்ப்பவன் மட்டும் கேட்கவில்லை, வீடு கட்டுபவனும் கேட்டான். சாசனம் சொன்ன 'மதிப்பு' வீடு கட்டுபவனின் விலையானது. புல்லிலிருந்து வரும் வருமானத்தில் அந்த விலைக்கான வரியைக் கட்ட முடியாது. எந்த வறட்சியும் விரட்டாதவனை வரி ரசீது விரட்டியது.

இது டெக்சாஸின் தனிப் பிரச்சினை இல்லை. மேரிலாந்து மாநிலம் 1956-லேயே விவசாய நிலத்தை விவசாயப் பயன் மதிப்பில் மதிப்பிடச் சட்டம் செய்தது. கலிஃபோர்னியா 1965-ல் வில்லியம்சன் சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸ் 1966 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி சாசனத்தில் 1-டி என்ற பிரிவைச் சேர்த்தது.

ஆள் யார், நிலம் என்ன செய்கிறது

1966-ன் பிரிவு கேட்ட கேள்வி: நீ யார்? விவசாயம்தான் உன் முதன்மைத் தொழிலா, முதன்மை வருமானமா? நீ தனிமனிதனா? கம்பெனிகளுக்கு இடமில்லை. வருடா வருடம் விண்ணப்பிக்க வேண்டும்.

1978-ல் இன்னொரு வாக்கெடுப்பு, 1-டி-1 என்று இன்னொரு பிரிவு. இன்று நடைமுறையில் பெரும்பாலோர் பயன்படுத்துவது இதைத்தான். இதில் கேள்வி மாறிவிட்டது. நீ யாராக இருந்தாலும் சரி, டாக்டரோ கம்பெனியோ கவலையில்லை, உன் நிலம் என்ன செய்கிறது? கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது அதன் முதன்மைப் பயன் விவசாயமாக இருந்ததா? இப்போதும், அந்த வட்டாரத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தீவிரத்தில் விவசாயம் நடக்கிறதா?

'தீவிரம்' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு கவுன்ட்டியின் மதிப்பீட்டு அலுவலகமும் தன் வட்டாரத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளும்: இத்தனை ஏக்கருக்கு ஒரு விலங்கு அலகு. நிலம் தானாகப் பேசாதே, அதன் சார்பில் மாடுதான் பேச வேண்டும். மென்பொருளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. அளக்க முடியாத ஒன்றை அளக்க, அளக்க முடிந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்போம். கொஞ்ச நாளில் எல்லோரும் அந்தப் பிரதிநிதியை மட்டும் பார்த்து வேலை செய்வார்கள். விவசாயத்தின் பிரதிநிதியாக மாடு ஆனது இப்படித்தான்.

பணம் எவ்வளவு என்று ஒரு கற்பனைக் கணக்கு. 15 ஏக்கர், சந்தையில் ஏக்கர் 20,000 டாலர். மொத்தம் 3 லட்சம். உள்ளூர் வரி 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6,000 டாலர். விவசாய மதிப்பீட்டில், ஏக்கர் குத்தகையில் செலவு போக நிலத்துக்கு நிற்கும் வருமானத்தை ஐந்தாண்டு சராசரி எடுத்து, சட்டம் சொல்லும் விகிதத்தால் வகுப்பார்கள். அந்த விகிதம் குறைந்தபட்சம் 10 சதவீதம். ஏக்கருக்கு 10 டாலர் நிற்கிறது என்றால் மதிப்பு 100 டாலர். 15 ஏக்கருக்கு 1,500. வரி 30 டாலர். ஆறாயிரத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் நிற்பவை இரண்டு மூன்று மாடுகள்.

நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் 'ரோல்பேக்' வரி வரும். ஐந்து ஆண்டு வித்தியாசத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2019-ல் மூன்று ஆண்டாகக் குறைத்தார்கள், 2021-ல் வட்டியை எடுத்துவிட்டார்கள். விவசாயம் வெறுமனே நின்றுபோனால் ரோல்பேக் இல்லை. ஆனால் தகுதி போகும், சந்தை மதிப்பில் வரி வரும். சின்ன ரான்ச்சருக்கு அதுவே போதும்.

2011

2010 அக்டோபர் முதல் 2011 செப்டம்பர் வரையிலான பன்னிரண்டு மாதம்தான் 1895-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து டெக்சாஸ் கண்ட மிக வறண்ட ஓராண்டு. ஆஸ்டினில் அந்த வருடம் 90 நாட்கள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஏப்ரலில் கவர்னர் ரிக் பெர்ரி மழைக்காக மூன்று நாள் பிரார்த்தனை அறிவித்தார். ஜூலையில் வறட்சிப் பேரிடர் அறிவித்து மாதா மாதம் புதுப்பித்தார். செப்டம்பரில் பாஸ்ட்ராப்பில் 1,600 வீடுகளுக்கு மேல் தீயில் போயின. சான் ஆஞ்செலோவின் ஓ.சி. ஃபிஷர் நீர்த்தேக்கம் வற்றி வெறும் சேறானது. ஐம்பதுகளில் அதிபர் வந்து பார்த்த அதே ஊர்.

புல்கட்டு வட மாநிலங்களிலிருந்து லாரியில் வந்தது. சுமைகூலியே மாட்டின் விலையைத் தின்றது. ஏலச் சந்தைகளின் வாசலில் மாட்டு டிரெய்லர்கள் வரிசை கட்டின. 2011 ஜனவரி 1-ல் டெக்சாஸில் 1.33 கோடி மாடுகள். ஓராண்டில் 1.19 கோடி. 14 லட்சம் மாடுகள் ஒரே வருடத்தில் போயின. விவசாய இழப்பு 762 கோடி டாலர் என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு மதிப்பிட்டது. அதில் 323 கோடி கால்நடையில்.

இந்த வருடத்தில்தான் நான் மேலே சொன்ன முரண் ஊர் ஊராகக் கேட்டது. மாட்டை விற்றுவிட்டேன், கவுன்ட்டிக்கு என்ன காட்டுவது?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் மெதுவாகப் பதில் சேர்ந்திருக்கிறது. முறையான பயிர் அல்லது கால்நடைச் சுழற்சிக்காக நிலத்தைச் சும்மா விடுவதும் விவசாயப் பயனே என்று வரையறையிலேயே உண்டு. மெரிலின் காலிப் பட்டிக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. வறட்சிக்கென்றே 23.522 என்ற பிரிவும் இருக்கிறது. கவர்னர் அறிவித்த வறட்சியால் நிலத்தை வழக்கத்தைவிட அதிக நாள் சும்மா போட வேண்டிய விவசாயத் தேவை ஏற்பட்டால், வறட்சி முடிந்ததும் பழைய தீவிரத்தில் தொடரும் எண்ணம் உரிமையாளருக்கு இருந்தால், தகுதி போகாது.

மத்திய வருமான வரிச் சட்டம் இதைத் தன் பங்குக்கு வேறு விதமாகப் பார்க்கிறது. வறட்சியால் வழக்கத்தைவிட அதிகமாக இனப்பெருக்க மாடுகளை விற்க நேர்ந்தால், அந்த லாபத்துக்கான வரியை உடனே கட்ட வேண்டாம். மத்திய அரசின் உதவிக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் நாலு வருடத்துக்குள் அந்தப் பணத்தில் மாடு வாங்கிவிட்டால் போதும். வறட்சி நீண்டால் கெடுவும் நீளும்.

நாலு வருடம் ஏன்? மந்தையை மறுபடி கட்ட அவ்வளவு காலம் ஆகும். பால் மறந்த கிடாரிக் கன்றை விற்காமல் வைத்துக்கொண்டால், பதினைந்து மாத வயதில் அது சினைக்கு நிற்கும். இரண்டு வயதில் ஈனும். அதன் கன்று விலைக்குப் போக இன்னும் ஏழெட்டு மாதம். இது எல்லாம் புல் திரும்பிய பிறகு தொடங்கும் கணக்கு. 2011-ல் விற்ற மாட்டின் இடத்தை நிரப்ப, மாநிலம் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பதினாலு ஏக்கர்

சட்டத்தில் இருப்பது வேறு, வேலியோரம் நிற்கும்போது தோன்றுவது வேறு. என் நண்பர் ஒருவர், மூலனூர்ப் பக்கம் பிறந்தவர், என்னைப் போலவே மென்பொருள்காரர், ஆஸ்டினிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் பதினாலு ஏக்கர் வாங்கியிருந்தார். பக்கத்து நிலத்துக்கார முதியவர் அதில் மூன்று மாடு விட்டிருந்தார். எழுத்தில் ஒரு குத்தகை, கைகுலுக்கலில் மற்றதெல்லாம். 2022 கோடையில் மழை நின்றது. ஜூலையில் கவர்னர் அபட் வறட்சி அறிவித்தார். அதற்கு முன்பே முதியவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நண்பர் பதறிவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போய், "ரெண்டு மாட்டையாவது விட்டுட்டுப் போங்க, கவுன்ட்டிக்காரங்க வந்து பார்த்தா என்ன சொல்றது?" என்று கேட்டார். முதியவர் குனிந்து தரையிலிருந்து ஒரு புல் குத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. "இது இன்னும் பிடிச்சிருக்கு. ரெண்டு மாடு நின்னா ஒரு மாசத்துல கையோட வந்துடும். அதுக்கப்புறம் மழை வந்தாலும் நான் மாடு விட மாட்டேன். அப்ப கவுன்ட்டிக்கு என்ன சொல்லுவ?" என்றார்.

திரும்பி வரும்போது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாரு இதையேதானுங்க சொல்வாரு" என்றார்.

அவர் பிறந்த பக்கத்தில் கொறங்காடு என்று ஒரு நில முறை உண்டு. காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் இன்றும் பார்க்கலாம். முள்கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். மானாவாரி. காட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மாட்டை மாற்றி மாற்றி விடுவார்கள். காங்கயம் மாடு அதில் உருவானதுதான். அந்தக் கொழுக்கட்டைப் புல்லைத்தான் டெக்சாஸில் பஃபெல் புல் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு வகையை அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1949-ல் சான் அன்டோனியோவில் வெளியிட்டது. தெற்கு டெக்சாஸ் ரான்ச்சர்கள் வறட்சியைத் தாங்கும் புல் என்று லட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்தார்கள். இன்று அது நாட்டுப் புல்லை அழுத்திவிட்டது, காடைகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது என்று வசவும் வாங்குகிறது. ஒரு முறை லரேடோ போகிற வழியில் நண்பர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்து, "ஏனுங்க, இது நம்ம கொழுக்கட்டைப் புல்லுங்க!" என்று கூவியது நினைவிருக்கிறது.

முதியவரோடு பேசிய அந்த வாரமே நண்பர் மதிப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினார். மாடு வெளியேறிய தேதி, முந்தைய ஆண்டுகளின் குத்தகைத் தாள்கள், நிலத்தின் படங்கள், புல் தேறியதும் அதே மாடுகள் திரும்பும் என்று முதியவர் கையெழுத்திட்ட ஒரு பக்கம். தகுதி தொடர்ந்தது. எக்ஸ்டென்ஷன் அலுவலர்கள் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையும் இதுதான்: ஓட்டிய பிறகு விளக்காதே, ஓட்டும்போதே எழுதி வை.

யாருக்கான நிழல்

இந்தச் சலுகை எங்கள் மாதிரி ஆட்களுக்காக உருவானதா? 1966-ல் கேட்ட கேள்விக்கு நண்பர் தேறியிருக்க மாட்டார். 1978-ன் கேள்விக்குத் தேறுகிறார். நெடுஞ்சாலையோரம் கட்டடத்துக்காகக் காத்திருக்கும் கம்பெனி நிலமும் தேறுகிறது. அந்த நாலு மாடுகளால் குறையும் வரியைப் பள்ளிக்கூடத்துக்காக வேறு யாரோ தங்கள் வீட்டு வரியில் கட்டுகிறார்கள். 1995-ல் சாசனத்தைத் திருத்தி, ஏற்கெனவே விவசாயத் தகுதி பெற்ற நிலத்தில் காட்டுயிர்ப் பராமரிப்பையும் விவசாயமாக ஏற்றார்கள். ஏழு வகை வேலைகளில் மூன்றையாவது செய்ய வேண்டும். ஐந்து முதல் இருபது ஏக்கர் வரை தேனீ வளர்ப்பும் செல்லும். இவற்றைப் பணக்காரர்களின் தப்பிக்கும் வழி என்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் மாடு இல்லாமலும் நிலம் தன் வேலையைச் செய்யலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடமும் அதுதான். மேய்ச்சல் தாங்காத நிலத்தில் சலுகைக்காகவே மாடு விட்டு மண்ணைக் கெடுப்பதற்கு இது மேல்.

யார் உண்மையில் நிலத்தோடு இருக்கிறார், யார் காத்திருக்கிறார் என்பது நல்ல வருடத்தில் தெரியாது. இருவர் நிலத்திலும் மாடு நிற்கும். வறட்சியில்தான் தெரியும். சலுகைக்காக மாடு வைத்தவர் தரை வெளுக்கும்வரை அதை நிறுத்தி வைப்பார், அவருக்குத் தேவை மாட்டின் தலை எண்ணிக்கை. புல்லுக்காகக் கவலைப்படுபவர் முதலில் ஓட்டிவிடுவார். தலையை எண்ணும் சட்டம் முதலாமவருக்குப் பரிசும் இரண்டாமவருக்குத் தண்டனையும் தரும். 23.522 போன்ற ஒரு சின்னப் பிரிவு அந்தத் தலைகீழைச் சரிசெய்யப் பார்க்கிறது. அதற்காக அது எண்ணிக்கையை விட்டுவிட்டு 'எண்ணம்' என்ற, எந்த அதிகாரிக்கும் பிடிக்காத சொல்லைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. எண்ணத்தை வேலியோரம் நின்று பார்க்க முடியாது. ஆளை நம்ப வேண்டும், அல்லது அவர் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டும்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.72 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அடுத்த வறட்சி வரும்போது விற்பதற்கும் அதிகம் இருக்காது. கேள்வி அப்போதும் இதுவாகவே இருக்கும்: எந்தக் கட்டத்தில் ஓட்டுவது?

1957 வசந்தத்தில் மழை வந்தபோது எல்லா நிலத்திலும்தான் பெய்தது. புல்லின் பாதி மிச்சமிருந்த இடத்தில் தண்ணீர் தரைக்குள் இறங்கியது. வழித்துத் தின்னப்பட்ட இடத்தில் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடைக்குப் போனது. இரண்டு நிலத்துக்கும் அந்த ஆண்டு ஒரே வரிதான்.